பழைய தச்சுக் கருவியை விற்கப் போகிறீர்களா? கம்பி பிரஷைக் கீழே வையுங்கள்

அமெரிக்காவில் பழைய வீடு வாங்கும் நம்மவர்களுக்குச் சில சமயம் பேஸ்மென்ட்டில் ஒரு பெட்டித் தச்சுச் சாமானும் சேர்ந்தே வந்துவிடுகிறது. துருப்பிடித்த இழைப்புளி, பிடி கறுத்த ரம்பம், ஏழெட்டு உளி. விற்றால் ஏதாவது தேறும் என்று யாராவது சொன்னதும் பலர் செய்கிற முதல் வேலை, டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டி எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்குவதுதான். பழங்கருவி வியாபாரியின் கண்ணில் படும் முன்பே விலையில் பெரும்பகுதி அங்கே உதிர்ந்துவிடுகிறது.

இந்தச் சந்தையில் வாங்குபவர்கள் இரண்டு வகை. ஒருவர் வேலை செய்ய வாங்குகிறார். துருவை அவரே எடுத்துக்கொள்வார். இன்னொருவர் சேகரிப்பாளர், நல்ல விலை தருபவர் அவர். ஆலையில் இரும்பின் மேல் பூசிய ‘ஜப்பான்’ என்னும் பளபளப்பான கறுப்புப் பூச்சு எவ்வளவு மிச்சமிருக்கிறது, மரப்பிடியின் பழைய மெருகு அப்படியே இருக்கிறதா, பிளேடில் பதித்த முத்திரை படிக்கக் கிடைக்கிறதா என்றுதான் அவர் பார்ப்பார். கம்பி பிரஷ் இந்த மூன்றையும் தின்றுவிடும். வினிகரில் ஊறவைத்தால் துரு போகும், ஆனால் இரும்பும் செத்த சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். பிடியை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடிப்பது இன்னும் மோசம். உலர்ந்த துணியால் தூசியைத் துடையுங்கள், இரும்பில் மெல்லிசாக எண்ணெய் தடவுங்கள். அதற்கு மேல் செய்ய வேண்டியது இருந்தால் வியாபாரியே பார்த்துக்கொள்வார்.

அடுத்து, உருவத்தைப் பார்த்து மதிப்பிடுவது. கனெக்டிகட் மாநிலம் நியூ பிரிட்டனில் இருந்த ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் லெனர்ட் பெய்லியின் காப்புரிமைகளை வாங்கி, இரும்பு இழைப்புளிகளை எண் போட்டு விற்றது. 8-ஆம் எண் 24 அங்குல நீளம், கிட்டத்தட்ட நாலரைக் கிலோ. 1-ஆம் எண் ஐந்தரை அங்குலம். பொம்மை போல இருக்கும். குழந்தைகள் விளையாடட்டும் என்று கொடுத்துவிடத் தோன்றும் இந்தக் குட்டிதான் பெரியதைவிடப் பல மடங்கு விலை போவது. அதனாலேயே போலிகளும் அதில் அதிகம். மாறாக 4, 5 எண்கள் எங்கும் கிடைப்பவை. தாத்தா காலத்தது என்பதற்காக மட்டும் அவற்றுக்குப் பெரிய தொகை வராது. 604, 605 என்று அறுநூறில் தொடங்கும் எண் இருந்தால் அது ‘பெட்ராக்’ வகை; தனியாக எடுத்து வையுங்கள். பிளேடைத் தாங்கும் ஃபிராக்குக்குப் பின்னால், அடிக்கட்டையில் வார்த்திருக்கும் காப்புரிமைத் தேதிகளையும் படம் எடுங்கள். அங்கே மூன்று தேதிகள் இருந்தால் அது 1910-க்கும் 1918-க்கும் இடைப்பட்டது என்று வியாபாரி படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

குறைவில்லாமல் இருப்பதற்குத் தனி விலை உண்டு. ஸ்டான்லி 55-ஆம் எண் இழைப்புளி ஐம்பதுக்கு மேற்பட்ட வெட்டலகுகளோடு சின்னச் சின்ன மரப்பெட்டிகளில் வந்தது. உடம்பை மட்டும் அனுப்பிவிட்டு, ‘அந்த மரப்பெட்டியில் ஏதோ தகடுகள் இருந்தன, தூக்கிப் போட்டுவிட்டோம்’ என்று பிறகு சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கவே வயிறு எரியும். பழைய அட்டைப்பெட்டி கிழிந்திருந்தாலும் வைத்திருங்கள். திருகாணி ஒன்று தொலைந்தால் கடையில் வாங்கிப் போடலாம் என்றும் எண்ண வேண்டாம்: ஸ்டான்லி கைப்பிடித் திருகின் மரை அங்குலத்துக்கு 20 சுற்று கொண்ட 12-ஆம் அளவு, ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்காதது. ஒரு இழைப்புளியின் நல்ல பிளேடைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி ‘ஒன்றாவது உருப்படியாக இருக்கட்டும்’ என்பதும் வேண்டாம். இரண்டும் கெட்டுப்போகும்.

வியாபாரியிடம் பேசும்போது நடக்கும் பெரிய தவறு, ஈபேயில் ஒருவர் கேட்கும் விலையைக் காட்டி வாதாடுவது. கேட்கும் விலை யாரும் கொடுத்த விலை அல்ல. விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். அந்த விலையிலும் பாதிக்குக் கீழேதான் வியாபாரி பெரும்பாலும் தருவார். சரிசெய்வது, படமெடுப்பது, மாதக்கணக்கில் வைத்திருப்பது, திரும்பி வந்தால் ஏற்பது எல்லாம் அவர் தலையில். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். நான் எச்சரிப்பது வேறு ஒன்றை: நல்ல நான்கைப் பொறுக்கிக்கொண்டு குப்பையை உங்களிடமே விட்டுச் செல்பவரை. மொத்தமாக ஒரு விலை, அல்லது பொருளுக்குப் பொருள் எழுதிய பட்டியல், இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். கமிஷனுக்கு விற்கக் கொடுப்பதானால் விகிதம், எத்தனை மாதம், அனுப்பும் செலவு யாருடையது, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, இந்த நான்கும் எழுத்தில் இருக்கட்டும்.

இனி பார்சல். இழைப்புளியின் உடல் வார்ப்பிரும்பு. கனமாக இருப்பதால் எதையும் தாங்கும் என்று நினைக்கிறோம். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். இடுப்புயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழுந்தால் பக்கச்சுவர் பிளக்கும், பிளேடு எட்டிப்பார்க்கும் வாயின் ஓரம் உடையும். அதன் கனமே அதற்கு எதிரி. பபிள் ராப் ஒரு சுற்று போட்டுப் பெரிய பெட்டியில் வைத்தால் வண்டியின் ஒவ்வொரு குலுக்கலிலும் அது சம்மட்டியாகிறது. இரண்டு இழைப்புளிகள் ஒரே பெட்டியில் தடுப்பில்லாமல் இருந்தால் ஒன்றையொன்று உடைக்கும்.

பிளேடைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். பின்பிடி முறிவதுதான் அதிகம் நடப்பது. திருகு சுலபமாக வந்தால் பிடியையும் கழற்றி, திருகுகளை ஒரு பையில் போட்டு உடம்போடு சேர்த்துக் கட்டுங்கள். துருவேறி இறுகியிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம், திருகின் தலை சிதைந்தால் அதுவும் நஷ்டம்; பிடியைச் சுற்றி அட்டையை இறுக்கமாக வைத்து அப்படியே அனுப்பலாம். மர இழைப்புளியில் பிளேடைப் பிடித்து நிறுத்தும் ஆப்பை இறுக்கியபடி அனுப்பக்கூடாது. ஈரம் ஏறி மரம் உப்பும்போது ஆப்பு விடாது, இரு பக்கமும் உள்ள கன்னம் வெடிக்கும். ரம்பத்தை இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டுங்கள், பற்களுக்கு நீளவாக்கில் பிளந்த தோட்டக் குழாய் போதும். உளியின் முனைக்குத் தடித்த அட்டை உறை. இல்லாவிட்டால் பெட்டியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

இவை எல்லாம் சின்ன உறுதியான பெட்டியில். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டங்குலம் அடைத்து இன்னொரு பெட்டி. குலுக்கிப் பாருங்கள், உள்ளே அசைவு கேட்டால் திரும்பப் பிரியுங்கள். செய்தித்தாள் ஈரத்தை இழுத்துத் துருவைக் கூட்டும் என்பதால் இரும்பை ஒட்டி அதை வைக்காதீர்கள். மூடும் முன் ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து வையுங்கள். இன்ஷூரன்ஸ் கட்டியிருந்தாலும் பேக்கிங் சரியில்லை என்று கைவிரிப்பார்கள், அப்போது அந்தப் படம்தான் சாட்சி. உள்நாட்டில் அனுப்ப அமெரிக்கத் தபாலின் ஃபிளாட் ரேட் பெட்டி இரும்புக்கு ஏற்றது. 70 பவுண்டு வரை எடை எவ்வளவானாலும் கட்டணம் ஒன்றே.

நாட்டு எல்லையைத் தாண்டும்போது கவனிக்க வேண்டியது சட்டம். பழைய ஸ்டான்லி பிடிகள் பல பிரேசில் ஈட்டி மரம். அது 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சான்று இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் சுங்கத்தில் சிக்கும். தந்தம் அதைவிடச் சிக்கல். இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் வில்லியம் மார்ப்பிள்ஸ் செய்த ‘அல்டிமேட்டம்’, பித்தளைச் சட்டகம் கொண்ட கைத்துறப்பணம், அதாவது கையால் சுழற்றித் துளையிடும் கருவி; அதன் தலையில் தந்த வளையம் இருக்கும். பிரிட்டனில் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டப்படி, 1947-க்கு முந்தையதாகவும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தந்தம் கொண்டதாகவும் இருந்தால்தான் இத்தகைய பொருளை விற்க முடியும். அதுவும் பதிவு செய்த பிறகு.

ஊரில் தாத்தா விட்டுச் சென்ற ஷெஃபீல்டு உளிகளையும் இழைப்புளிகளையும் வெளிநாட்டு வியாபாரிக்கு அனுப்ப நினைப்பவர்கள் 1972-ஆம் ஆண்டின் இந்தியத் தொல்பொருள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். நூறு ஆண்டைத் தாண்டிய, கடந்த காலக் கைத்தொழிலைக் காட்டும் பொருள்களும் அதன் வரையறைக்குள் வருகின்றன; அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயது சந்தேகமாக இருந்தால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்கி, அதன் நகலைப் பார்சலின் மேல் ஒட்டுங்கள்.