கிரீம் திரியாத கோழிக் கிரேவி: வாணலியில் செய்யும் முறை

எங்கள் தருமபுரிப் பக்கத்தில் கோழி என்றாலே களிக்கு ஊற்றிக்கொள்ளும் குழம்புதான் முதலில் நினைவுக்கு வரும். காரசாரமாக, தண்ணியாக, களி உருண்டையைத் தொட்டு மெல்லாமல் விழுங்கத் தோதாக இருக்கும். இங்கே சொல்லப்போவது அது இல்லை. சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் நெய்ச்சோற்றுக்கும் ஏற்ற, முந்திரியும் கிரீமும் சேர்ந்த வழவழப்பான கிரேவி. சாதாரண கேஸ் அடுப்பில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். சிக்கல் வருவது ஒரே ஒரு இடத்தில்தான்: கடைசியில் ஊற்றும் கிரீம் திரிந்துபோவது. மற்றதை வேகமாகச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் நிதானமாக நிற்கிறேன்.

என்னென்ன வேண்டும்

நான்கு பேருக்கு அரை கிலோ பிராய்லர் கோழி போதும். கறிக்கடையில் தோலை உரித்து, எலும்போடு நடுத்தரத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். வெறும் நெஞ்சுக்கறி வேண்டாம். சீக்கிரம் வறண்டுவிடும், கிரேவிக்கும் எலும்பின் சாறு இறங்காது. பெரிய வெங்காயம் 2, தக்காளி 2, முந்திரி 12, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மல்லித்தூள் ஒன்றரை தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால், கரம் மசாலா அரை. பட்டை ஒரு துண்டு, கிராம்பு 2, ஏலக்காய் 2. கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி. ஃப்ரெஷ் கிரீம் 100 மில்லி. கசூரி மேத்தி (காயவைத்த வெந்தயக்கீரை) ஒரு சிட்டிகை.

பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. அகலமான, அடி கனமான எவர்சில்வர் வாணலிதான் இதற்குச் சரி. இரும்புச் சட்டியில் தக்காளி வெந்தால் புளிப்பு இரும்பைப் பிடித்து, கிரேவி கறுத்து, ஒரு மாதிரி உலோகச் சுவை ஏறிவிடும். குக்கரும் வேண்டாம். பிராய்லர் கோழி தானாகவே நிறையத் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வற்ற வேண்டும், மசாலா வதங்க வேண்டும். மூடி போட்டு விசில் விட்டால் இரண்டும் நடக்காது.

கிரீம் வரைக்கும்

கோழியைக் கழுவி, தண்ணீரை நன்றாக வடித்து, உப்பு, மஞ்சள்தூள், பாதி இஞ்சி பூண்டு விழுது போட்டுப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். பலரும் தயிரில் ஊறவைக்கச் சொல்வார்கள். நான் சேர்ப்பதில்லை. இந்தக் கிரேவியில் புளிப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

வாணலியில் பாதி எண்ணெய் ஊற்றி வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, முந்திரி, அப்புறம் தக்காளி போட்டுக் குழைய விடுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் மிக்ஸியில் போட வேண்டும். சூடாகப் போட்டால் ஆவி மூடியைத் தூக்கி எறியும், கையில் பட்டால் கொப்பளித்துவிடும். நைசாக அரையுங்கள், நறநறவென்று இருந்தால் கடைசியில் கிரீம் கொட்டினாலும் வழவழப்பு வராது.

அதே வாணலியில் மீதி எண்ணெய், பட்டை, கிராம்பு, ஏலக்காய். மீதி இஞ்சி பூண்டு விழுதைப் பச்சை வாசனை போக வதக்கிக் கோழியைப் போடுங்கள். பெரிய தீயில் 5 நிமிடம், துண்டுகள் வெளுக்கும் வரை பிரட்டினால் போதும். தீயைக் குறைத்துத் தூள்களைப் போட்டு ஒரு பிரட்டு, பிறகு அரைத்த விழுது.

இங்கே அவசரப்படாதீர்கள். முதலில் விழுது தொப் தொப்பென்று தெறிக்கும். கிளறிக்கொண்டே இருந்தால் எட்டுப் பத்து நிமிடத்தில் தெறிப்பது அடங்கி, வாணலியின் ஓரத்தில் சிவந்த எண்ணெய் முத்து முத்தாகக் கசியும். தக்காளியின் பச்சைப் புளிப்பு அடங்குவது அப்போதுதான். பிறகு ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். கால் துண்டை எலும்போரம் கீறிப் பார்த்தால் உள்ளே சிவப்புத் தெரியக் கூடாது.

கிரீம் ஊற்றும் இடம்

கிரீமிலும் பால் புரதம் இருக்கிறது. புளிப்பும் கொதிசூடும் ஒன்றாகச் சேர்ந்தால் அந்தப் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கரண்டியின் முதுகில் ரவை போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் திரிந்துவிட்டது என்று அர்த்தம்.

பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளிக்குப் பேர்போன ஊர்கள். விலை இறங்கும் நாட்களில் எல்லாக் குழம்பிலும் நாலைந்து தக்காளி சேர்த்துப் போடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். இந்தக் கிரேவிக்கு இரண்டு போதும். நாட்டுத் தக்காளி என்றால் ஒன்றரை. அது புளிப்பு அதிகம்.

சமைக்கத் தொடங்கும்போதே கிரீமை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். கோழி வெந்ததும் அடுப்பை அணைத்து, கொதி முழுவதும் அடங்கும் வரை காத்திருங்கள். ஒரு கிண்ணத்தில் கிரீமை ஊற்றி, கிரேவியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அதில் கலக்குங்கள். இன்னொரு கரண்டி. இப்படிக் கிரீமைச் சூட்டுக்குப் பழக்கிவிட்டு, அதை வாணலியில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கிளறுங்கள். இப்போது அடுப்பை மிகச் சிறிய தீயில் பற்றவைத்து இரண்டு நிமிடம். ஆவி பறக்கலாம், கொப்புளம் வரக் கூடாது. கரம் மசாலா, உள்ளங்கையில் கசக்கிய கசூரி மேத்தி தூவி இறக்குங்கள். எலுமிச்சம்பழம் பிழிய வேண்டாம். பிழிந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் தட்டில் பிழிந்துகொள்ளட்டும்.

சேர்த்தது: கிரீமுக்குப் பதில் பால் ஊற்றலாமா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். பாலில் கொழுப்பு குறைவு, அதனால் கிரீமைவிடச் சுலபமாகத் திரியும். அதைவிட வீட்டுப் பாலாடை நல்லது. புளிக்காத புது ஆடையாக இருக்க வேண்டும். கரண்டியால் அடித்துக் குழைத்தால் போதும், மிக்ஸியில் ஓடவிட்டால் வெண்ணெய் திரண்டுவிடும். பால், கிரீம் எதுவுமே ஒத்துக்கொள்ளாதவர்கள் முந்திரியை 20 ஆக்கி, கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால் அரை டம்ளர் ஊற்றலாம். சுவை வேறு, ஆனால் அதுவும் நன்றாகவே இருக்கும். தேங்காய்ப்பாலையும் கொதிக்கவிடாதீர்கள்.

இன்னொன்று: திரிந்தே போய்விட்டால் கொட்டிவிடாதீர்கள். கோழித் துண்டுகளையும் பட்டை, கிராம்பு, ஏலக்காயையும் எடுத்து வைத்துவிட்டு, கிரேவியை ஆறவைத்து, வெந்நீரில் ஊறவைத்த ஐந்தாறு முந்திரியோடு மிக்ஸியில் அரைத்துத் திரும்ப ஊற்றுங்கள். பெருமளவு சேர்ந்துவிடும்.

மறுநாள் சூடாக்கும்போது திரிகிறது என்று சொன்னவர்களுக்கு: மீதமாகும் என்று முன்பே தெரிந்தால், பாதிக் கிரேவியைக் கிரீம் சேர்க்காமல் எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அதை நன்றாகக் கொதிக்கவைத்து, அணைத்து, 50 மில்லி கிரீமை மேலே சொன்ன மாதிரியே பழக்கி ஊற்றுங்கள்.