வரைபடம் வங்காள விரிகுடாவில் விழுந்தால்: பெங்களூர் தரவுக்குச் சிஆர்எஸ் அமைப்பது

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரு லேயரை, அதாவது தரவு அடுக்கை, திறந்தால் பெங்களூரின் அல்சூர் ஏரி இருக்க வேண்டிய இடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. எண்கள் பூமியில் எந்த இடத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் ஆயமுறைதான் சிஆர்எஸ். அதைச் சரிசெய்ய உடனே 'செட் லேயர் சிஆர்எஸ்' போய் ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பார்க்காதீர்கள். எதை மாற்றினோம், எது சரியாக இருந்தது என்றே பிறகு தெரியாது. முதலில் லேயருக்குள் என்ன எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

லேயர் பெயரில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் இன்ஃபர்மேஷன். அங்கே 'எக்ஸ்டென்ட்' வரியில் இருப்பவைதான் உண்மையான எண்கள். 77.59, 12.98 என்று இருந்தால் அது டிகிரி, பெரும்பாலும் ஈபிஎஸ்ஜி 4326 (ஈபிஎஸ்ஜி என்பது சிஆர்எஸ்களின் பட்டியல் எண்; 4326 என்பது டபிள்யூஜிஎஸ் 84). 7,81,000, 14,36,000 பக்கம் இருந்தால் மீட்டர்: பூமியை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையின் 43 வடக்கு மண்டலம், ஈபிஎஸ்ஜி 32643. 86,38,000, 14,57,000 என்றால் இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர், 3857. எல்லாமே 1000, 1250 என்று சின்ன எண்களாக இருந்தால், சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் தானே ஒரு தொடக்கப் புள்ளி வைத்து அளந்த ஆட்டோகேட் படம். அதற்கு எந்த சிஆர்எஸ்ஸும் பொருந்தாது. இடம் தெரிந்த நாலைந்து புள்ளிகளை வைத்துப் படத்தை இடத்தோடு பொருத்தும் ஜியோரெஃபரன்ஸ்தான் செய்ய வேண்டும்.

இங்கே இரண்டு கட்டளைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 'செட் லேயர் சிஆர்எஸ்' எண்களைத் தொடாது; இந்த எண்கள் இந்த முறையில் எழுதப்பட்டவை என்று மென்பொருளுக்குச் சொல்வதோடு சரி. 'ரீப்ரொஜெக்ட் லேயர்' எண்களையே கணக்கிட்டு மாற்றிப் புது லேயர் தரும். அடையாளம் தவறாக இருந்தால் முன்னது, அடையாளம் சரியாக இருந்து அலகு மட்டும் மாற வேண்டுமானால் பின்னது. டிகிரியில் இருக்கும் லேயருக்கு 'செட்' வழியாக 32643 கொடுத்தால் பெங்களூர் முழுவதும் மாலத்தீவுக்கு மேற்கே, பூமத்திய ரேகையில் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும்.

தரவு எங்கே போய் விழுந்தது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். சென்னைக்கும் கிழக்கே வங்காள விரிகுடாவில் விழுந்தால், 43-ஆம் மண்டலத் தரவுக்கு 44 என்று கொடுத்திருக்கிறீர்கள். மண்டலம் ஒன்று மாறினால் ஆறு டிகிரி தள்ளிப்போகும். வடதுருவத்தை ஒட்டி, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலில் விழுந்தால், சிஎஸ்வி கோப்பை ஏற்றும்போது எக்ஸ், ஒய் இடம் மாறியிருக்கிறது. எக்ஸ் என்பது தீர்க்கரேகை (77), ஒய் என்பது அட்சரேகை (12). பேச்சில் 'லாட்-லாங்' என்று சொல்லிப் பழகியதால் இது அடிக்கடி நடக்கும். எல்லாம் ஏறக்குறைய சரியாக இருந்து, நூறு இருநூறு மீட்டர் மட்டும் ஒரே திசையில் விலகியிருந்தால் டேட்டம், அதாவது பூமியின் வடிவத்துக்கு எடுத்துக்கொண்ட அடிப்படை, வேறு. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ தாள்கள், அதாவது நில வரைபடத் தாள்கள் (பெங்களூருக்கு 57 எச்/9), எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றுக்கு டபிள்யூஜிஎஸ் 84 கொடுக்காமல் கல்யாண்பூர் 1975, அதாவது 4146 கொடுத்து, பிறகு ரீப்ரொஜெக்ட் செய்யுங்கள். டேட்டம் மாற்றும் வழிகளின் பட்டியல் வந்தால், துல்லிய எண் (மீட்டரில் பிழை) குறைவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் பழைய ரயில் பாதை ஒன்றோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

அடுத்தது அளவு. கண்ணுக்குத் தெரியாமல் தப்பு நடக்கும் இடம் இதுதான். அல்சூர் ஏரியைச் சுற்றி 30 மீட்டர் பஃபர் (சுற்றுப் பட்டை) போடுகிறோம் என்று வையுங்கள். பஃபர் கருவி லேயரின் அலகில்தான் வேலை செய்யும். லேயர் 4326-இல் இருந்தால் 30 என்பது 30 டிகிரி. அரேபியா முதல் வியட்நாம் வரை ஒரு வட்டம் வரும். அது பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். 3857-இல் போட்டால் படம் ஒழுங்காகவே தெரியும், ஆனால் தரையில் கிடைப்பது 29 மீட்டர் சொச்சம்தான். பரப்பளவிலோ சுமார் 6 சதவீதம் கூடுதல்: 40-க்கு 60 அடி வீட்டு மனையான சைட்டின் 2,400 சதுர அடி, 2,540 ஆகிவிடும். பத்திரத்தோடு ஒத்துப்பார்க்கும் வேலையில் இது சின்னப் பிழை அல்ல. 32643-இல் அதே சைட் 2,403-க்குள் அடங்கும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை முதலில் ஏற்றினால் ப்ராஜெக்ட் தானாக 3857 ஆகிவிடும். வலது கீழ் மூலையில் தெரியும் எண்ணை அழுத்தி 32643-க்கு மாற்றுங்கள். ஆனால் அது திரையை மட்டும்தான் மாற்றும். பஃபர் போடும் லேயரைத் தனியாக ரீப்ரொஜெக்ட் செய்தே ஆக வேண்டும். ஃபீல்டு கால்குலேட்டரில் டாலர் குறியோடு வரும் 'ஏரியா' ப்ராஜெக்ட்டில் தேர்ந்த நீள்வட்டத்தின் மேல் கணக்கிடும். அடைப்புக்குறிக்குள் ஜியோமெட்ரி கொடுக்கும் 'ஏரியா' லேயரின் தட்டைத் தளத்தில் கணக்கிடும். இரண்டும் வேறு விடை தந்தால் முன்னதை நம்புங்கள்.

ஓசூர் வரை கவலையில்லை; 77.83 டிகிரியில் அது 43-க்குள்தான். கிருஷ்ணகிரி, கோலார் இரண்டும் 78-ஐத் தாண்டி 44-க்குள் போய்விடுகின்றன. பெங்களூர்–கிருஷ்ணகிரி சாலை போன்ற வேலையில் பாதியை 43-இலும் பாதியை 44-இலும் வைக்காதீர்கள். முழுவதையும் 32643-இலேயே வைத்தால் கிருஷ்ணகிரி பக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுதான் நீளம் கூடும். அதுவும் ஆகாது என்றால் 77.9-ஐ மைய தீர்க்கரேகையாகவும் அளவுக் காரணியை 1 ஆகவும் வைத்து, கஸ்டம் ப்ரொஜெக்ஷனில் ஒரு டிரான்ஸ்வெர்ஸ் மெர்கேட்டர் அமைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பை அடுத்தவருக்கு அனுப்பும்போது ஷேப்ஃபைலோடு, சிஆர்எஸ்ஸைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பும் போகிறதா என்று பாருங்கள். அது விடுபட்டால் வாங்குபவர் திரையில் லேயர் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வரும். ஷேப்ஃபைலுக்குப் பதில் ஜியோபேக்கேஜ் வடிவம் என்றால் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடும். கூகுள் எர்த் பயன்படுத்தும் கேஎம்எல் கோப்பு எப்போதும் 4326-தான், அதற்கு மீட்டர் எண்களைத் திணிக்க முடியாது.