மாரியில் புகையாத அடுப்பு

2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது குசினியில் பழையபடி விறகடுப்பு மூட்டினோம். வீடு இலங்கையில், மட்டக்களப்புக் கல்லடியில், கடல் பக்கம். கோடையில் ஒரு குறையும் இல்லை. கார்த்திகை மழை தொடங்கியதும் புகை முழுக்க வீட்டுக்குள்ளேதான். அம்மாவுக்கு இருமல் நிற்கவே இல்லை.

அடுப்பில்தான் பிழை என்று நினைத்து அதன் வாயை இரண்டு தரம் இடித்துக் கட்டினேன். பிறகு ஒருநாள் எரிகிற கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டுமுகத்தில் நுரை தள்ளி, 'உஸ்' என்று தண்ணீர் வடிந்தது. நெருப்பின் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போகிறது, அப்புறம் புகையாமல் என்ன செய்யும்? புகைக்கூட்டுக்குள் கையை விட்டால் தார் போலக் கரி.

கரியைச் சுரண்டி எடுத்தேன். கூரை முகட்டைவிடத் தாழ்ந்திருந்த புகைக்கூட்டை முகட்டுக்கு மேல் இரண்டடி உயர்த்தி, மழை விழாமல் தகரத்தில் தொப்பி வைத்தேன். வாடைக்காற்று புகையைக் கீழே அமத்துவது அதோடு நின்றது. விறகை இப்போது ஆடி வெயிலிலேயே பிளந்து காயவைத்து, தணல் எட்டாத உயரத்தில் பரணில் அடுக்குகிறேன். இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் இன்னும் காயவில்லை.

இந்த மார்கழியில் விடியப்புறம் அம்மா அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து குளிர் காய்கிறார். இருமல் இல்லை.