கிளப்புக்கு ஓரவஞ்சனை என்று எழுதுமுன்

விளையாட்டுப் பக்கத்துக்குப் பயிற்சிக்கு வரும் இளைஞர்களில் யாராவது ஒருவர் ஆண்டுதோறும் இதே கட்டுரையோடு வந்து நிற்கிறார்: இங்கிலாந்து ஊடகங்கள் என் கால்பந்து கிளப்பை வஞ்சிக்கின்றன. கிளப்பின் பெயர்தான் மாறும். ஒரு வருடம் ஆர்சனல், மறுவருடம் லிவர்பூல், அதற்கடுத்து செல்சி. இத்தனை பேரையும் ஒரே சமயத்தில் வெறுக்கும் ஊடகம் யாரைத்தான் விரும்புகிறது என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “மான்செஸ்டர் யுனைடெட்டை, சார்.” பக்கத்து நாற்காலியில் யுனைடெட் ரசிகர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கட்டுரையை எழுத வேண்டாம் என்று நான் தடுப்பதில்லை. அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் எழுதும் விதத்தில் வரும் பிழைகள் என் பழைய நோட்டுப்புத்தகங்களில் இருப்பவைதான், ஒன்றுகூடப் புதிதில்லை. வீரரின் பெயரைத் தப்பாக எழுதுவது, ஏப்ரல் முதல் தேதிச் செய்தியை நம்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை நாலு பேர் சிரித்தால் சரியாகிவிடும்.

‘மீடியா’ என்று ஓர் ஆள் கிடையாது

ஒளிபரப்பு உரிமைக்குக் கோடிக்கணக்கில் கொட்டும் ஸ்கை தொலைக்காட்சி வேறு. உரிமக் கட்டணத்தில் நடக்கும் பிபிசி வேறு. ஊர் ரசிகர்கள் வாங்கினால்தான் பிழைப்பு என்றிருக்கும் லிவர்பூல் எக்கோ போன்ற உள்ளூர் நாளிதழ் வேறு. முன்னாள் வீரர் மைக் பிடித்துப் பேசும் யூடியூப் நிகழ்ச்சி முற்றிலும் வேறு. யார், எந்த நாளில், எங்கே சொன்னார் என்று எழுத முடியாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

தலைப்பை நிருபர் எழுதுவதில்லை

அலுவலக மேசையில் செய்தியைத் திருத்தும் எங்களைப் போன்றவர்கள் எழுதுகிறோம். திட்டுவதானால் எங்களைத் திட்டுங்கள்.

தன் கிளப்பை மட்டும் எண்ணுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான், மாணவர்களுக்கு அதிக நஷ்டத்தைக் கொடுத்ததும் இதுதான்.

இதழியல் முதுகலை படித்த ஒரு மாணவர் ஆர்சனல் பித்தர். ஒரு சீசன் முழுக்கப் பிரிட்டிஷ் நாளிதழ்களின் இணையப் பக்கங்களை மேய்ந்து, தன் கிளப்பைக் குறைகூறும் தலைப்புகளைச் சேர்த்தார். எக்செல் தாளில் தேதிக்கு ஒரு பத்தி, நாளிதழுக்கு ஒரு பத்தி, தலைப்புக்கு ஒரு பத்தி. கடைசியில் ‘கடுமை’ என்று ஒரு பத்தி, மிகக் கடுமையானவற்றுக்குச் சிவப்பு வண்ணம். ஆய்வேட்டுக்குத் தோல் அட்டை போட்டுப் பொன் எழுத்தில் பெயரும் பொறித்தாகிவிட்டது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் பக்கங்களைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “டாட்டன்ஹாமுக்கு எவ்வளவு?”

மாணவரிடம் பதில் இல்லை. ஆர்சனலின் பக்கத்துப் போட்டிக் கிளப்பான டாட்டன்ஹாமுக்கு வந்த தலைப்புகளை அவர் எண்ணவே இல்லை. எதற்காக எண்ண வேண்டும் என்றே அவருக்குப் புரியவில்லை. ஆய்வேடு திரும்பி வந்தது, பட்டம் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனது, அதை நம்பி ஒத்துக்கொண்டிருந்த வேலையும் கைநழுவியது. பொன் எழுத்துக்குக் கொடுத்த காசு தனி.

ஒரு கிளப்பைப் பற்றி எதிர்மறைச் செய்தி நிறைய வருகிறது என்பதால் ஓரவஞ்சனை நிரூபணமாகிவிடாது. மான்செஸ்டர் யுனைடெட்டைப் பற்றி எல்லாமே நிறைய வருகிறது: புகழ்ச்சி, ஏளனம், வதந்தி, முடிதிருத்தம் உட்பட. மக்கள் படிக்கிறார்கள், அதனால் எழுதுகிறார்கள். வசையை மட்டும் பொறுக்கி எடுத்து அடுக்கினால் அந்தக் கிளப்பின் மேல் யாருக்கோ தீராப் பகை என்று தோன்றும். புகழ்ச்சியை மட்டும் பொறுக்கினால் செல்லப்பிள்ளை என்று தோன்றும். இரண்டு அடுக்கையும் வெவ்வேறு ரசிகர்கள் செய்துவைத்திருக்கிறார்கள், இரண்டும் உண்மையான தலைப்புகளால் ஆனவை.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு கால்பந்து வீரரே வழிகாட்டியிருக்கிறார். 2018 டிசம்பர் 8 அன்று ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் செல்சியோடு நடந்த ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் கறுப்பின வீரர் ரஹீம் ஸ்டெர்லிங்கைப் பார்வையாளர் வரிசையிலிருந்து வசைபாடினார்கள். மறுநாள் அவர் இன்ஸ்டாகிராமில் டெய்லி மெயிலின் இரண்டு இணையத் தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டுமே மான்செஸ்டர் சிட்டியின் இளம் வீரர்கள் தாய்க்கு வீடு வாங்கிய செய்தி. டோசின் அடரபியோயோ என்ற கறுப்பின வீரரைப் பற்றிய தலைப்பில் அவருடைய வாரச் சம்பளம் இருந்தது, 22.5 லட்சம் பவுண்டு மாளிகை இருந்தது, பிரீமியர் லீகில் ஓர் ஆட்டத்தையும் தொடக்கத்திலிருந்து ஆடாதவர் என்ற குத்தலும் இருந்தது. ஃபில் ஃபோடன் என்ற வெள்ளை வீரர் தாய்க்கு 20 லட்சம் பவுண்டில் புது வீடு வாங்கினார், அவ்வளவுதான் மற்றதில்.

கிளப் ஒன்று, நாளிதழ் ஒன்று, செயல் ஒன்று, விலையும் ஏறக்குறைய ஒன்று. மாறியது ஒன்றே ஒன்று. நூறு பக்க எக்செல் தாளால் சொல்ல முடியாததை அந்த ஜோடி சொல்லிவிட்டது. நீங்கள் தேட வேண்டியது இப்படிப்பட்ட ஜோடிகளை: ஒரே வாரத்தில் ஒரே மாதிரித் தவறு செய்த இரண்டு கோல்கீப்பர்கள், ஒரே அளவு தொகைக்கு வந்து சோபிக்காத இரண்டு முன்கள வீரர்கள், தொடர்ந்து தோற்ற இரண்டு மேலாளர்கள். ஒரே நாளிதழில் தேடுங்கள். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதும் ஒரு முடிவுதான்.

ஜோடி கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது, அது உங்கள் கண். 1951 நவம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழக அணிகள் மோதின. அவர்கள் பாணிக் கால்பந்து அது. முரட்டு ஆட்டம், பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. பிறகு ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படத்தை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் குறித்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தார்கள். படம் ஒன்றுதான். 1954-ல் அவர்கள் வெளியிட்ட அந்தக் கட்டுரையைப் படிக்காமல் யாரும் என் மேசைக்கு ஓரவஞ்சனைக் கட்டுரை கொண்டுவரக் கூடாது என்று இப்போது விதி வைத்திருக்கிறேன்.

இங்கேயே அதைச் செய்து பார்த்தோம். 2023 டிசம்பர் 17 அன்று ஆன்ஃபீல்டில் லிவர்பூல், யுனைடெட் ஆட்டம். லிவர்பூல் 34 முறை கோலை நோக்கி அடித்தும் 0-0. கடைசி நேரத்தில் யுனைடெட்டின் டாலோ வெளியேற்றப்பட்டார். பயிற்சிக்கு வந்திருந்த லிவர்பூல் ரசிகை ஒருவரிடமும் யுனைடெட் ரசிகர் ஒருவரிடமும் ஒரே பதிவைக் கொடுத்து, வர்ணனையில் சாய்வு தென்படும் இடங்களை நிமிடத்தோடு குறிக்கச் சொன்னேன். யுனைடெட் கோல்கீப்பர் ஒனானாவைப் பாராட்டிய ஒரு வரி இரண்டு பட்டியலிலும் இருந்தது. “நாம் தவறவிட்டதை அவருடைய திறமையாக்கிவிட்டார்கள்” என்று அந்தப் பெண் எழுதியிருந்தார். “இந்த அணியால் இதுகூட முடிகிறதே என்ற இளக்காரம்” என்று அந்தப் பையன் எழுதியிருந்தான். தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அப்போதும் இருவரும் தன் குறிப்புதான் சரி என்றார்கள். நடுநிலைக்காகக் கிரிக்கெட் பக்கம் பார்க்கும் சக ஊழியர் ஒருவரையும் அந்தப் பதிவைப் பார்க்கச் சொன்னேன். அவர் இடைவேளைக்குள் தூங்கிவிட்டார்.

எதிரணி ரசிகர் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரும் நீங்களும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் வரிகளை மட்டும் கட்டுரையில் வையுங்கள். மிச்சம் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

‘எல்லாம் பிரமை’ என்று எதிர்ப்பக்கம் சாய்வது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, ரசிகர்களின் புகார் அத்தனையும் மனப்பிராந்தி என்று எழுதிக்கொண்டு வருபவரும் உண்டு. அவரை ஹில்ஸ்பரோவுக்கு அனுப்புகிறேன்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்ஏ கோப்பை அரையிறுதியின்போது நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் இறந்தார்கள். காயத்தோடு வாழ்ந்த கடைசி ஒருவர் இறந்தது 2021-ல். நெரிசல் நடந்த நான்காம் நாள் ‘தி சன்’ நாளிதழ் முதல் பக்கத்தில் ‘உண்மை’ என்ற தலைப்பில், ரசிகர்கள் இறந்தவர்களிடம் திருடினார்கள், உதவிக்கு வந்த காவலர்கள்மீது சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. அத்தனையும் பொய். லிவர்பூல் நகரம் அன்று தொடங்கிய புறக்கணிப்பை இன்னும் விடவில்லை. 2017-ல் கிளப்பே அந்த நாளிதழின் நிருபர்களுக்குக் கதவடைத்தது.

இறந்தவர்களின் குடும்பங்கள் கோபத்தோடு நின்றுவிடவில்லை, ஆவணம் ஆவணமாகத் தோண்டவைத்தார்கள். 2012-ல் சுயேச்சைக் குழுவின் அறிக்கை வந்தபோது, காவலர்களின் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்ததும், அவற்றில் 116-ல் காவல்துறைக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்ததும் வெளிவந்தது. முதல் வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் ஒப்பிட்டுத்தான் அது தெரிந்தது. 2016-ல் விசாரணை நடுவர் குழு ரசிகர்கள்மேல் பழியில்லை என்று தீர்ப்புச் சொன்னது. இந்த அளவுக்கு நடந்த ஒன்றையும், உங்கள் அணியின் ஆட்டம் சிறப்பம்ச நிகழ்ச்சியில் கடைசியாகக் காட்டப்பட்டதையும் ஒரே பத்தியில் ‘ஓரவஞ்சனை’ என்று எழுதிய மாணவரிடம் நான் குரலை உயர்த்தியதுண்டு.

நடுவர்மேல் வந்த கோபத்தை ஊடகத்தின்மேல் இறக்குவது

2024 ஏப்ரலில் எவர்ட்டனிடம் 2-0 என்று தோற்ற நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், வீடியோ நடுவர் தங்களைப்போலவே தரமிறக்கத்தைத் தவிர்க்கப் போராடிய லூட்டன் கிளப்பின் ரசிகர் என்று கிளப்பின் அதிகாரபூர்வக் கணக்கிலேயே பதிவிட்டது. அபராதம் ஏழரை லட்சம் பவுண்டு. கிளப்பே அப்படியென்றால் ரசிகரைச் சொல்வானேன். ஆனாலும் நடுவரின் முடிவு வேறு, அதை மறுநாள் எப்படி எழுதினார்கள் என்பது வேறு. இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்.

பழைய ஜெர்சியைப் பார்த்து முடிவுகட்டுவது

ஸ்கையில் பேசும் முன்னாள் வீரர்களில் கேரி நெவில் யுனைடெட்காரர், ஜேமி காரகர் லிவர்பூல்காரர். அது யாருக்கும் ரகசியம் இல்லை, இருவரும் சேர்ந்து வரும் நிகழ்ச்சியே அதை வைத்துத்தான் ஓடுகிறது. யுனைடெட் உரிமையாளர்களான கிளேசர் குடும்பத்தை நெவில் வறுத்தெடுத்த அளவுக்கு லிவர்பூல் ரசிகர்கூடச் செய்ததில்லை. வர்ணனையாளர் மார்ட்டின் டைலர் தங்களை வெறுப்பதாகச் சத்தியம் செய்யும் ரசிகர்கள் பல கிளப்புகளில் இருந்தார்கள். அவர் உயிரை விடுவது வோக்கிங் என்ற சின்னஞ்சிறு கிளப்புக்காக.

காசு போகும் வழியைப் பார்க்காதது

1992-ல் பிரீமியர் லீக் தொடங்கியபோது உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தைப் பிரிக்க ஒரு முறை வகுத்தார்கள்: பாதி எல்லோருக்கும் சமமாக, கால்பங்கு புள்ளிப்பட்டியல் இடத்தைப் பொறுத்து, மீதிக் கால்பங்கு எத்தனை ஆட்டம் நேரலையில் காட்டப்பட்டது என்பதைப் பொறுத்து. நேரலைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் பெரிய கிளப்புக்குக் கூடுதல் பணம் வந்துகொண்டே இருக்கும். சிறிய கிளப்புகள் காட்ட வேண்டிய பாரபட்சம் இதுதான், வர்ணனையாளரின் குரல் நடுக்கம் அல்ல. ஆச்சரியம் என்னவென்றால், இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு வந்த ஒரு மாணவரையும் நான் பார்த்ததில்லை.

சாத்திய கதவு யாருடையது?

தன் மகனைப் பற்றி பிபிசி எடுத்த ஆவணப்படத்துக்காக, அப்போதைய யுனைடெட் மேலாளர் அலெக்ஸ் பெர்குசன் 2004 முதல் 2011 வரை பிபிசியிடம் பேசவில்லை. துணைப் பயிற்சியாளர்களை அனுப்பினார். அந்த ஏழு ஆண்டுகளில் பிபிசியின் சிறப்பம்ச நிகழ்ச்சியான ‘மேட்ச் ஆஃப் தி டே’யில் அவர் குரல் வரவில்லை என்று பிபிசியைக் குற்றம்சாட்டாதீர்கள்.

மார்க்காவை நடுநிலை நாளிதழ் என்று மேற்கோள் காட்டுவது

ஸ்பெயினின் விளையாட்டு நாளிதழ்களில் மார்க்காவும் ஆஸும் மாட்ரிட் பக்கம். முண்டோ டிப்போர்ட்டிவோவும் ஸ்போர்ட்டும் பார்சிலோனா பக்கம். அங்கே குழந்தைக்கும் தெரியும்.

அடுத்தவர் குறையைக் கடன் வாங்குவது

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரலையில் காட்டக் கூடாது. ஆகவே மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கு மைதானம் போகாத ரசிகருக்கு இரவுச் சிறப்பம்ச நிகழ்ச்சிதான் கதி. அதில் கடைசியாக, நாலு நிமிடத்துக்குத் தன் அணி வந்தால் அவருக்கு வயிறு எரிவது நியாயம். நாம் அதே ஆட்டத்தை இந்திய நேரப்படி கோடையில் இரவு ஏழரை மணிக்கு, குளிர்காலத்தில் எட்டரை மணிக்கு முழுதாகப் பார்த்து முடித்துவிட்டு, அந்த வயிற்றெரிச்சலையும் சேர்த்து எழுதுகிறோம்.

இதைப்போலவே குரலும். நமக்குப் பெரும்பாலும் கேட்பது, பிரீமியர் லீக் தன் தயாரிப்புப் பிரிவின் வழியாக வெளிநாடுகளுக்கு அனுப்பும் வர்ணனை. பிரிட்டனில் ஸ்கை பார்ப்பவருக்குக் கேட்பது வேறு ஆள். பீட்டர் டிரூரியைப் பல ஆண்டுகள் அந்த உலக ஒலிபரப்பில்தான் நாம் கேட்டோம். அவர் ஸ்கைக்குப் போனது 2023-ல். கட்டுரையில் ஸ்கையின் வர்ணனை என்று எழுதுமுன், நீங்கள் கேட்டது யார் குரல் என்று பெயரோடு குறித்துக்கொண்டு வாருங்கள்.