ஆட்கொணர்வு மனு தள்ளுபடியான பிறகு செய்யும் தவறுகள்

போன வாரம் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் ஒரு கோப்பை நீட்டினார். மறுபரிசீலனை மனு போட்டிருக்கிறாராம். பதில் வந்ததும் மேல்முறையீடு செய்துவிடலாமாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன்.

அமெரிக்காவில் மாநிலச் சிறையில் இருக்கும் கைதி கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனு தோற்ற பிறகு நடப்பதைத்தான் சொல்கிறேன். கையெழுத்து விட்டுப்போவது, வழக்கு எண்ணைத் தப்பாக எழுதுவது எல்லாம் இங்கே வேண்டாம்.

சான்றிதழ் வரட்டும் என்று காத்திருப்பது

இந்தக் கைதி மேல்முறையீட்டில் வாதாட, அதற்கு அனுமதி தரும் சான்றிதழ் ஒன்று வேண்டும். மனுவைத் தள்ளும்போதே மாவட்ட நீதிபதி சான்றிதழ் உண்டா இல்லையா என்றும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். உடனே ரோஷம் வந்து, அந்த மறுப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மனு எழுத உட்கார்ந்துவிடுவோம்.

இந்த மனு மேல்முறையீட்டுக்கான கெடுவை நிறுத்தாது. இந்த வகை வழக்குகளுக்கென உள்ள கூட்டாட்சி விதிகளில் 11-ஆம் விதியிலேயே அது தெளிவாக இருக்கிறது. தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 30 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். குழப்பம் எங்கே வருகிறதென்றால், தீர்ப்பையே திருத்தச் சொல்லி 28 நாளுக்குள் போடும் மனு கெடுவை நிறுத்தும். ஆட்கொணர்வு வழக்கிலும் அப்படித்தான் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு மனுவும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

என் வழக்கில் மறுபரிசீலனைக்குப் பதில் வந்தது 41-ஆம் நாள். அவகாசம் கேட்டேன். விதியைச் சரியாகப் படிக்கவில்லை என்பதைத் தவிரச் சொல்லக் காரணம் இல்லை, கிடைக்கவில்லை. அதற்குள் சிறையிலிருந்து பென்சிலில் எழுதிய கடிதம்: அப்பீல் எந்த நிலையில் இருக்கிறது? பதில் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

சரி, சான்றிதழ் கிடைத்துவிட்டால்? அப்போதும் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கெடுவுக்குள் தனியாகத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

நீதிபதி சொன்ன தேதியை அப்படியே நம்புவது

போல்ஸ் என்ற கைதிக்கு மேல்முறையீடு செய்ய விதிப்படி 14 நாள்தான் கூடுதலாகத் தரலாம். நீதிபதி தவறுதலாக 17 நாள் கொடுத்தார். அவர் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே அறிவிப்பு தாக்கலானது. ஆனாலும் விதிக் கணக்கில் தாமதம். 2007-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று கதவைச் சாத்தியது. அநியாயம்தான். ஆனால் இன்றும் அதுதான் சட்டம். நாள்களை நீங்களே எண்ணுங்கள்.

60 நாள் என்று நினைப்பது

அந்தக் கெடு, கூட்டாட்சிச் சட்டத்தின் 2255-ஆம் பிரிவில் மனு போடும் கூட்டாட்சிக் கைதிக்கு.

முழு வழக்கையும் மறுபடி வாதாடுவது

சான்றிதழ் கேட்கும்போது ஜெயிப்போம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. விவரமறிந்த நீதிபதிகளுக்குள் இதில் கருத்து வேறுபடலாம் என்று காட்டினால் போதும். ஆனால் மனு தாமதம் போன்ற நடைமுறைக் காரணத்தால் தள்ளுபடியாகியிருந்தால், அந்தக் காரணத்தையும் உள்ளே இருக்கும் அரசியல் சாசன உரிமைக் கோரிக்கையையும் சேர்த்தே அப்படிக் காட்ட வேண்டும். பலர் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு வருகிறார்கள்.

தபாலில் போட்ட தேதியை எழுதாதது

வக்கீல் இல்லாத கைதி, மேல்முறையீட்டு அறிவிப்பைக் கடைசி நாளுக்குள் சிறைத் தபாலில் சேர்த்தாலே போதும். சேர்த்த தேதியையும் தபால் கட்டணம் கட்டியதையும் எழுதிக் கையெழுத்திட்டு உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், புதியவரின் கோப்பு. எண்ணிப் பார்த்தேன்: 26-ஆம் நாள். அறிவிப்பில் யார், எந்தத் தீர்ப்பை எதிர்த்து, எந்த நீதிமன்றத்துக்கு என்று மூன்றே விஷயம்தான். சாயங்காலத்துக்குள் தாக்கல் செய்துவிட்டோம்.