உங்கள் ஊருக்கு ரயில் பாதை: கோரிக்கையிலிருந்து நிதி ஒதுக்கீடு வரை செய்ய வேண்டியவை

ஒவ்வோர் ஆண்டும் மத்திய நிதிநிலை அறிக்கை தாக்கலான சில நாட்களில், ரயில்வே அமைச்சகம் மண்டலவாரியான பணிப் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ரயில்வே வட்டாரத்தில் அதற்கு ‘பிங்க் புக்’ என்று பெயர். தெற்கு ரயில்வேக்குரிய கோப்பைத் திறந்து, புதிய பாதைகளுக்கான 11ஆம் திட்டத் தலைப்பின் கீழ் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். பாதையின் பெயருக்கு எதிரே மொத்த மதிப்பீடு, இதுவரை செலவான தொகை, இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு ஆகியவை வரிசையாக இருக்கும். தொகைகள் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் அச்சிடப்படுவதால், ஒதுக்கீட்டுக் கட்டத்தில் ‘1’ என்று மட்டும் இருந்தால் அது ஆயிரம் ரூபாய். திட்டத்தைக் கைவிடவும் இல்லை, நடத்தவும் போவதில்லை என்பதற்கான அடையாளத் தொகை அது. மாமல்லபுரம் வழியாகச் சென்னையிலிருந்து கடலூர் செல்லும் பாதையும் ஈரோடு–பழனி பாதையும் சில ஆண்டுகளில் இந்த ஒற்றை எண்ணுடன்தான் பட்டியலில் நின்றன.

அமைச்சரின் அறிவிப்பும் அடிக்கல் நாட்டு விழாவும் நாளிதழின் முதல் பக்கத்தில் வருகின்றன. பாதை அமையுமா என்பதோ பிங்க் புக்கின் ஒதுக்கீட்டுக் கட்டத்தில் உள்ள எண்ணையும், வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள புல எண் பட்டியலையும் பொறுத்தே அமைகிறது. பயணிகள் சங்கம், வணிகர் சங்கம், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் ஆகியோர் ஒரு ரயில் திட்டத்தைக் கேட்கவும் பின்தொடரவும் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த இரண்டையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

என்ன கேட்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘ரயில் வேண்டும்’ என்ற கோரிக்கைக்குள் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு கொண்ட பல பொருள்கள் அடங்கியிருக்கின்றன. இருக்கும் ரயிலை இன்னும் சில நிலையங்களுக்கு நீட்டிப்பது ஒன்று. 2024 மே மாதத்தில் சென்னைக் கடற்கரை–வேலூர் கண்டோன்மென்ட் ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டபோது புதிதாகத் தண்டவாளம் எதுவும் போடப்படவில்லை. பெட்டிகளும் கால அட்டவணையில் இடமும் கிடைத்தால் அது போதும். ஒற்றைப் பாதையை இரட்டைப் பாதையாக்குவது அடுத்த படி. மதுரைக்குத் தெற்கே நாகர்கோவில் வரையிலான இரட்டைப் பாதைப் பணி 2024இல் முடிந்ததும், எதிரே வரும் வண்டிக்காகச் சிறு நிலையங்களில் காத்துக் கிடக்கும் நிலை தீர்ந்தது. இதற்கு மேல்தான் புதிய பாதை, பெருநகரை அருகிலுள்ள நகரங்களுடன் இணைக்கும் வட்டார விரைவு ரயில், அதிவேக ரயில் ஆகியவை வருகின்றன.

கோரிக்கை எழுதும் முன் ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டெல்லி–காஸியாபாத்–மீரட் வட்டார விரைவு ரயில் 82.15 கிலோமீட்டர், அனுமதிக்கப்பட்ட செலவு 30,274 கோடி ரூபாய், எனவே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 368 கோடி. மும்பை–ஆமதாபாத் புல்லட் ரயில் 508 கிலோமீட்டர். தொடக்க மதிப்பீடு 1,08,000 கோடி. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 213 கோடி. பெங்களூரு புறநகர் ரயில் 148 கிலோமீட்டருக்கு 15,767 கோடி, அதாவது கிலோமீட்டருக்கு 107 கோடிக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டிய ரயிலைவிட 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலுக்குக் கிலோமீட்டர் செலவு கூடுதலாக இருப்பது பலரை வியக்க வைக்கும். புல்லட் ரயிலின் தொடக்க மதிப்பீடு பழைய விலைவாசியில் போடப்பட்டது என்பது ஒரு காரணம். நகர நெரிசலுக்குள் சுரங்கமும், நெருக்கமான நிலையங்களும் செலவை ஏற்றுவது இன்னொரு காரணம். வேகம் மட்டுமே செலவைத் தீர்மானிப்பதில்லை. பாதை எந்த மண்ணுக்கு மேலே, யாருடைய வீட்டுக்கு அடியில் போகிறது என்பதும் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டின் 2025–26 நிதிநிலை அறிக்கையில் மூன்று வட்டார விரைவு ரயில் தடங்களுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு அறிவிக்கப்பட்டது: சென்னை–செங்கல்பட்டு–திண்டிவனம்–விழுப்புரம் 167 கிலோமீட்டர், சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் 140 கிலோமீட்டர், கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் 185 கிலோமீட்டர். டெல்லி–மீரட் செலவு விகிதத்தை அப்படியே பெருக்கினால் கோவை–சேலம் தடத்துக்கு மட்டும் 68,000 கோடி ரூபாய் வரும். இது மதிப்பீடு ஆகாது, வெறும் அளவுகோல். ஆனால் அதே 2025–26இல் தமிழ்நாட்டின் எல்லா ரயில்வே பணிகளுக்குமாக மத்திய அரசு ஒதுக்கியது 6,626 கோடி என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், எவ்வளவு பெரிய பொருளைக் கேட்கிறோம் என்பது விளங்கும்.

பயணிகளை எண்ணுங்கள்

எங்கள் சங்கம் முதன்முதலில் அனுப்பிய மனுவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் இருந்தன. ‘வருவாய் விகிதம் போதவில்லை’ என்ற ஒற்றை வரிப் பதிலே திரும்பி வந்தது. கையெழுத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, பயணத்தைத்தான் சேர்ப்பார்கள் என்பது அப்போது புரிந்தது. பேருந்து நிலையத்தில் நின்று எண்ணுங்கள். விடியற்காலை முதல் இரவு வரை, ஒவ்வொரு தடத்திலும் புறப்படும் பேருந்துகளையும் அவற்றில் நிரம்பிய இருக்கைகளையும் குறியுங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தட வருவாயையும் சுங்கச்சாவடியைக் கடக்கும் வாகன எண்ணிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று எண்ணினால் எந்த ரயிலும் நிரம்பும். சாதாரணச் செவ்வாய்க்கிழமை எண்ணிக்கையும் உடன் இருந்தால்தான் ஆய்வு செய்பவர் உங்கள் தாளை நம்புவார்.

புதிய பாதைக்கு 14 விழுக்காடு வருவாய் விகிதம், அதாவது போட்ட முதலுக்கு ஆண்டுதோறும் அந்த அளவு வருவாய், இருக்க வேண்டும் என்பதை ரயில்வே நீண்ட காலம் அளவுகோலாக வைத்திருந்தது. அதை எட்டாத பாதைகள் ‘சமூகத் தேவை’ என்ற பெயரில்தான் அனுமதி பெற்றன. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கையோ, பயணச்சீட்டு வருவாயைக் கடந்து, மிச்சமாகும் நேரம், குறையும் விபத்து, எரிபொருள் சேமிப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பொருளாதார வருவாய் விகிதம் 14 விழுக்காடு இருந்தால் போதும் என்றது. எந்தக் கணக்கில் உங்கள் தடம் நிற்கும் என்பதை அறிந்து அந்தக் கணக்குக்கு உரிய தரவைத் திரட்டுங்கள். பனியன் ஆலைத் தொழிலாளர் ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்ற எண், நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்தைவிடக் கூடுதல் தொலைவு போகும்.

ஆய்வு நிலைகளைப் பொறுத்தவரை, போக்குவரத்து ஆய்வு, இறுதி இட ஆய்வு, விரிவான திட்ட அறிக்கை என்ற வரிசையை அறிந்திருந்தால் போதும். ஆய்வுக்கு அனுமதி கிடைத்ததைப் பாதைக்கு அனுமதி கிடைத்ததாகப் பட்டாசு வெடித்துக் கொண்டாடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பெரும்பாலான ஆய்வுகள் அறிக்கையுடன் முடிந்துவிடுகின்றன. இறுதி இட ஆய்வு நடக்கும் காலத்தில்தான் நீங்கள் நேரில் பேச வேண்டும், ஏனெனில் நிலையம் எங்கே அமையும் என்பது அப்போது முடிவாகிறது. ஊருக்கு வெளியே மலிவான நிலத்தில் நிலையத்தை வைத்துவிட்டு, ரயிலில் மிச்சமான நேரத்தை ஆட்டோவில் தொலைக்கச் செய்யும் வரைபடத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்க அதற்குப் பின் வாய்ப்பு மிகக் குறைவு.

பணம் எங்கிருந்து வருகிறது

தனி ரயில்வே நிதிநிலை அறிக்கை 2017இல் பொது நிதிநிலை அறிக்கையுடன் இணைக்கப்பட்டுவிட்டது. சாதாரணப் புதிய பாதைக்கு மத்திய அரசின் மூலதன ஒதுக்கீடே முதன்மை ஆதாரம். 1986இல் தொடங்கப்பட்ட இந்திய ரயில்வே நிதிக் கழகம் சந்தையில் திரட்டும் கடனும் ரயில்வேக்கு உதவியிருக்கிறது. மாநிலங்கள் பங்கு தரும் வழக்கமும் உண்டு. கதக்–வாடி பாதைக்குக் கர்நாடக அரசு கட்டுமானச் செலவில் பாதியையும் நிலத்தையும் தர ஒப்புக்கொண்டது. மாநில நிதியமைச்சர்கள் இதை விரும்புவதில்லை. ரயில் மத்தியப் பட்டியலில் இருக்கும்போது நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்ற அவர்களது கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஆயினும் பங்கு தரும் மாநிலத்தின் கோப்பு முன்னே நகர்வதைக் காண்கிறோம்.

வட்டார விரைவு ரயிலும் அதிவேக ரயிலும் வேறு வழியில் போகின்றன: மத்திய அரசும் மாநிலங்களும் பங்கு மூலதனம் போட்டுத் தனி நிறுவனம் அமைத்து, மீதியைக் கடனாக வாங்குகின்றன. டெல்லி–மீரட் தடத்தில் மத்திய அரசு 5,634 கோடி, உத்தரப் பிரதேசம் 5,828 கோடி, டெல்லி 1,138 கோடி என்று பங்கு பிரிந்தது. ஆசிய வளர்ச்சி வங்கி ஏறத்தாழ 105 கோடி டாலரும், ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் புதிய வளர்ச்சி வங்கியும் தலா 50 கோடி டாலரும் கடன் தந்தன. மூன்று பங்காளிகளில் சிறிய தொகைக்குரிய டெல்லிதான் பணம் கட்டத் தாமதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 நவம்பரில், ஒரு வாரத்துக்குள் கட்டாவிட்டால் விளம்பரத்துக்கு ஒதுக்கிய நிதியைத் திட்டத்துக்குத் திருப்பிவிடுவோம் என்று நீதிமன்றம் எச்சரிக்க வேண்டியிருந்தது. எனவே பங்கு எவ்வளவு என்பதுடன், எந்த ஆண்டில் எவ்வளவு, தவறினால் என்ன என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

மும்பை–ஆமதாபாத் தடத்துக்கு ஜப்பான் தொடக்க மதிப்பீட்டில் 81 விழுக்காட்டை 0.1 விழுக்காடு வட்டியில், 50 ஆண்டுக் கடனாக, முதல் 15 ஆண்டுகளுக்குத் தவணை இல்லாமல் தர முன்வந்தது. கேட்பதற்கு இலவசம் போலத் தோன்றும். கடன் யென் நாணயத்தில் இருப்பதால் ரூபாய் மதிப்பு சரியும் ஒவ்வொரு முறையும் அசல் பெருகும் என்பதையும், கடன் கொடுக்கும் நாட்டின் தொழில்நுட்பமே உடன் வரும் என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். அடுத்த அதிவேகத் தடங்களுள் ஒன்றாக ஆராயப்பட்ட 435 கிலோமீட்டர் சென்னை–பெங்களூரு–மைசூரு தடத்துக்கும் இதே கேள்வி காத்திருக்கிறது.

இன்னொரு வழி, நிலையத்தைச் சுற்றி உயரும் நில மதிப்பில் ஒரு பங்கை அரசு மீட்பது. கூடுதல் தளப் பரப்புக்குக் கட்டணம், மேம்பாட்டு வரி, நிலைய வளாகத்தில் வணிக இடம் ஆகியவை இதில் அடங்கும். இதை அறிவிப்புக்கு முன்பே சட்டமாக்க வேண்டும். தடத்தின் வரைபடம் வெளியான மறு வாரமே நிலையம் வரவிருக்கும் இடத்தில் மனைப் பிரிவுக் கற்கள் முளைத்துவிடும். அதற்குப் பிறகு உயர்வு முழுவதும் தரகர் கைக்குப் போய்விடுகிறது.

ஓடத் தொடங்கிய பின் வரும் நட்டத்தை யார் ஏற்பது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பயணிகளைக் கொண்டு செல்லும் செலவில் 46 விழுக்காட்டைத் தாமே ஏற்பதாக ரயில்வே அமைச்சகம் 2024இல் கூறியது; மாநில நிறுவனம் நடத்தும் ரயிலில் அந்தப் பளு மாநிலத்தின் தலையில் விழும்.

நிலம்

பெரும்பாலான திட்டங்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். வேளச்சேரி–பரங்கிமலைப் பறக்கும் ரயில் நீட்டிப்பு ஐந்தே கிலோமீட்டர்; 2008இல் தொடங்கிய அந்தப் பணியை ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ 500 மீட்டர் நிலம் பல ஆண்டுகள் நிறுத்தி வைத்தது. புல்லட் ரயிலுக்கு 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நில எடுப்பு முழுமையாக முடிந்தது 2024 ஜனவரியில். கேரளத்தின் 529 கிலோமீட்டர் வெள்ளிக்கோடு (சில்வர்லைன்) ரயில் திட்டத்தில், சமூகத் தாக்க ஆய்வுக்காக நட்ட மஞ்சள் கற்களை 2022இல் மக்கள் பிடுங்கி எறிந்தார்கள். நிதி நிறுவனங்களுடன் பேசிய அளவுக்கு வீட்டுக்காரர்களுடன் பேசாமல் கல்லை நட்டால் வேறென்ன நடக்கும்?

தடம் செல்லும் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் புல எண் பட்டியலை வாங்கி, புலப்படத்தில் தடத்தை வரைந்து பாருங்கள். கோடு வயலின் குறுக்கே மூலைக்கு மூலை போனால், எடுத்த நிலத்துக்குப் பணம் வரும். மறுபக்கம் மிஞ்சும் முக்கோணத் துண்டுக்கு டிராக்டர் போக வழி இருக்காது, கிணறு ஒரு பக்கமும் பயிர் மறுபக்கமும் நிற்கும். இத்தகைய துண்டுகளையும் சேர்த்து எடுக்கும்படியோ, கீழ்ப்பாலம் அமைக்கும்படியோ வரைபட நிலையிலேயே எழுதிக் கொடுங்கள். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி மதிப்புக்கு இணையாக நூறு விழுக்காடு ஆறுதல் தொகை உண்டு. ஆனால் மதிப்பு என்பது பதிவான கிரயப் பத்திரங்களிலிருந்து எடுக்கப்படுகிறது. முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து குறைத்துப் பதிந்த பழைய பத்திரங்கள் இங்கே உரிமையாளரையே திருப்பி அடிக்கின்றன. தாத்தா பெயரில் நிற்கும் பட்டாவை இப்போதே மாற்றிக்கொள்ளும்படி சொல்லுங்கள். பெயர் பொருந்தாத இழப்பீடு கைக்கு வராமல் வைப்பில் கிடக்கும்.

எல்லா நிலமும் கிடைக்கும் வரை காத்திருப்பதைவிட, தனியாகவே பயன்படும் ஒரு துண்டை முதலில் திறக்கக் கேளுங்கள். மீரட் தடம் 2023 அக்டோபரில் சாகிபாபாத்–துஹாய் இடையே 17 கிலோமீட்டருடன் தொடங்கி, 2025 ஜனவரியில் டெல்லிக்குள் நியூ அசோக் நகர் வரை வந்தது. முதல் துண்டின் இரு முனைகளிலும் பயணி இருக்கும் ஊர் அமைய வேண்டும்.

பின்தொடர்வது

பிப்ரவரியில் பிங்க் புக் வந்ததும் உங்கள் வரியை முந்தைய மூன்று ஆண்டு வரிகளுடன் ஒரே தாளில் வையுங்கள். ஒதுக்கீடு உயர்ந்தும் செலவு உயரவில்லை என்றால் சிக்கல் நிலத்தில் இருக்கிறது. கடிதத்தை மாவட்ட ஆட்சியருக்கும் நில எடுப்பு தனி வட்டாட்சியருக்கும் எழுதி, எந்தக் கிராமத்தில் எத்தனை ஹெக்டேர் ஒப்படைக்கப்பட்டது என்று கேளுங்கள். நிலம் ஒப்படைத்தும் ஒதுக்கீடு இல்லையென்றால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் மூலம் எழுத்துப்பூர்வக் கேள்வி கேளுங்கள். அவையில் தரப்படும் பதில் ஆவணமாக நிற்கும். மூன்று ஆண்டுகளாக ‘1’ மட்டுமே இருந்தால், பழைய மதிப்பீட்டை வைத்து வாதாடுவதை நிறுத்திவிட்டு, புதிய போக்குவரத்து ஆய்வையும், அதுவரை இருக்கும் தடத்தில் ஒரு கூடுதல் ரயிலையும் ஒரே மனுவில் கேளுங்கள்.