எச்டிஆர் போட்டதும் கேம் வெளிறிப்போகிறதா? முதலில் டிவி ரிமோட்டை எடுங்கள்

புது டிவி வாங்கி, பிளேஸ்டேஷன் 5-ஐ மாட்டி, எச்டிஆரை (பளிச்சென்ற இடத்தையும் இருட்டையும் விவரம் கெடாமல் காட்டும் வசதி) ஆன் செய்துவிட்டு உட்கார்ந்தால் வானத்தில் மேகத்தையே காணோம், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. ஒரு வாரம் கேமைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என் மேல். எச்டிஆரை டிவிக்கு ஏற்பச் சரிசெய்யச் சொல்லி கன்சோல் காட்டிய மூன்று திரைகளையும் சரியாகப் பார்க்காமல், வெளிச்சத்தை ஏகத்துக்கும் ஏற்றி ஓகே தட்டியிருந்தேன்.

எச்டிஆர்10 என்ற வழக்கமான எச்டிஆர் சிக்னலில் 10,000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை வெளிச்சம் சொல்ல இடமுண்டு, நம் வீட்டு டிவியோ 600, 800 என்று ஏதோ ஒரு இடத்தில் நின்றுவிடும், மிச்சத்தை யாராவது சுருக்கி உள்ளே அடக்கியாக வேண்டும். இதைத்தான் டோன் மேப்பிங் என்கிறார்கள். சினிமா பார்க்கும்போது அதை டிவி செய்கிறது. கேமில், டிவியின் எல்லை தெரிந்தால் கேமே செய்துகொள்ளும். இரண்டும் செய்தால்? குழம்பில் ரெண்டு பேர் உப்பு போட்ட கதைதான்.

அதனால் கன்சோலை அளவு பார்ப்பதற்கு முன்பே டிவியை ஒழுங்குபடுத்திவிட வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கேம் மோடை ஆன் செய்யுங்கள். மின்சார சேமிப்பு, அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் சென்சார், டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றையும் அணையுங்கள். டோன் மேப்பிங் மெனுவில் எச்ஜிஐஜி இருந்தால் (அந்த வேலையை கேமிடமே விட்டுவிடும் அமைப்பு, எல்ஜியில் இருக்கும்) அதுதான் வேண்டும், இல்லையென்றால் டைனமிக் டோன் மேப்பிங்கையாவது அணைத்துவிடுங்கள். ஒரு சின்ன சிக்கல்: சாதாரணப் படத்துக்கும் எச்டிஆருக்கும் டிவி தனித்தனியாக செட்டிங் வைத்திருக்கும், ஆகவே எச்டிஆர் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதையெல்லாம் மாற்றுங்கள். அப்புறம் கன்சோல் மாட்டிய எச்டிஎம்ஐ போர்ட்டுக்கான அமைப்பையும் ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மேட், எல்ஜியில் டீப் கலர் என்று பெயர்தான் வேறு.

இப்போது கன்சோலுக்கு வாருங்கள். முதல் இரண்டு திரைகளில் சூரியன் மாதிரி ஒரு சின்னம் இருக்கும், மேல் பட்டனை அழுத்த அழுத்தப் பின்னணியில் கரையும். எச்ஜிஐஜியில் இருந்தால் அது முழுசாக மறைகிற அந்தப் படியிலேயே நிறுத்திவிடுங்கள். இங்கேதான் கை துறுதுறுக்கும், இன்னும் நாலு படி ஏற்றினால் இன்னும் பளிச்சென்று வரும் என்று தோன்றும். வராது. டிவி அதன் எல்லையை எப்போதோ தொட்டுவிட்டது, அதற்கு மேல் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு படியும் மேகத்தின் மடிப்புகளைத்தான் தின்னும். சின்னம் பட்டென்று மறையாமல் படிப்படியாக இழுத்துக்கொண்டே போனால், டிவி இன்னும் தன் பங்குக்கு டோன் மேப்பிங் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், திரும்பிப் போய் மெனுவைப் பாருங்கள்.

மூன்றாவது திரை கறுப்புக்கு. ஓஎல்இடி டிவி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ரகம்) என்றால் அடிமட்டம் வரை இறக்கிவிடலாம். எல்இடி டிவியில், திரை சொல்கிறபடி சின்னம் லேசாகத் தெரிகிற இடத்தில் விடுங்கள். இதைப் பட்டப்பகலில் ஜன்னல் திறந்தபடி செய்தால், ராத்திரி விளையாடும்போது குகை எல்லாம் புகைமூட்டமாகத் தெரியும்.

எக்ஸ்பாக்ஸிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், சின்னத்துக்குப் பதில் கட்டம்போட்ட ஒரு வடிவம் வரும்.

கடைசியில் கேமுக்குள் இருக்கும் செட்டிங். பேப்பர் ஒயிட் என்று ஒரு ஸ்லைடர் சில கேம்களில் வரும். சாதாரண வெள்ளை, அதாவது ஒரு தாளோ சட்டையோ, எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பது அது. 200 நிட்ஸ் பக்கத்தில் வைத்தால் போதும். அதைத் தூக்கினால் சட்டையும் சூரியனும் ஒரே பிரகாசத்துக்கு வந்துவிடும், பிறகு எச்டிஆர் எதற்கு?

எச்டிஆர் இல்லாத பழைய கேம்கள் விளையாடுபவர்கள் பிளேஸ்டேஷனில் எச்டிஆரை எப்போதும் ஆன் என்று வைக்காதீர்கள், ஆதரவு இருந்தால் மட்டும் என்று மாற்றுங்கள். அட்டைப்பெட்டியில் எச்டிஆர் என்று அச்சடித்து, உள்ளே 250, 300 நிட்ஸ் மட்டும் தரும் டிவிகளும் நிறைய உண்டு. சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டத்தான் தெம்பு இருக்காது. உங்களுடையது அந்த ரகம் என்றால் எச்டிஆரை அணைத்துவிட்டு விளையாடுங்கள், படம் நன்றாகவே இருக்கும்.